விழுந்தவனைத் தூக்கிவிடுகிறவன் யார்?

தியானப் பகுதி: பிரசங்கி 4:9-12

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாரே,



நமது ஆலயத்தின் மேற்குச் சுவரை ஒட்டிய படிக்கட்டில், பொழுது சாய்ந்த பிறகு நாலைந்து பிள்ளைகள் வந்து அமர்வதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அவர்கள் ஜெபிக்க வருகிறவர்கள் அல்லர். ஊரின் மற்ற இடங்களைவிட அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது; அதற்காக வருகிறார்கள். தோளோடு தோள் உரச அமர்ந்து, ஆளுக்கொரு கைப்பேசியில் கண்களைப் பதித்து, ஒருவரையொருவர் கூவி அழைத்தபடி விளையாடுகிறார்கள். சென்ற மாதம் சபைப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, ஆலய வளாகத்தை இந்தப் பிள்ளைகள் விளையாட்டுக் கூடமாக ஆக்கிவிட்டார்கள். வெளிக்கதவை ஆறு மணிக்கே பூட்டச் சொல்லுங்கள்" என்றார். ஆலயத்தின் மேல் அவருக்குள்ள வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தக் கதவைப் பூட்டுவதற்கு முன் இந்தக் காரியத்தைக் குறித்து நாம் கூடிச் சிந்திக்க வேண்டும் என்று என் உள்ளத்தில் ஏவப்பட்டேன். முதலாவது, நான் செய்த ஒரு பிழையை உங்களிடம் அறிக்கையிட வேண்டும்.

பிரசங்க பீடத்திலிருந்து எறிந்த கல்

2020-ஆம் ஆண்டு கொரோனாவின் நாட்களில் நான் வேறொரு சேகரத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. இணையவழி வகுப்புக்கென்று, கடன் வாங்கியாவது பிள்ளைகளின் கையில் கைப்பேசியைக் கொடுத்தார்கள் பெற்றோர். வகுப்பு ஒரு மணி நேரம் நடந்தது. கைப்பேசியோ நாள் முழுவதும் கையில் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. அவற்றுள் பப்ஜியும் ஒன்று. பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பிள்ளைகளோ சில நாட்களுக்குள் ஃப்ரீ ஃபயர் என்னும் வேறொரு விளையாட்டுக்குச் சென்றுவிட்டார்கள். 2022 பிப்ரவரியில் அதுவும் தடை செய்யப்பட்டது. அப்போதும் விளையாட்டு நிற்கவில்லை. அதன் மறுவடிவத்துக்கு மாறிக்கொண்டது.

ஆலயங்கள் மீண்டும் திறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைப்பேசி என்னும் விக்கிரகத்தைக் குறித்துக் கடுமையாகப் பிரசங்கித்தேன். "பாடகர் குழுவில் நின்று பாடும் வாயே இரவெல்லாம் கொல்லு, சுடு என்று கத்துகிறது" என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் சபையார் அனைவரின் தலையும் ஒரே திசையில் திரும்பியது. பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் தலை குனிந்து நின்றான். அடுத்த வாரம் அவன் ஆராதனைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வசனம் அவனைக் குத்தியிருக்கிறது, மனந்திரும்பி வருவான் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து அவனைப் பேருந்து நிலையத்தில் கண்டேன். திருப்பூருக்கு வேலைக்குப் புறப்பட்டு நின்றான். பேச்சினூடே சொன்னான்: "ஐயா, அப்பா இறந்த வருசம் அது. வீட்ல யாரும் யார்கிட்டயும் பேச மாட்டோம். ராத்திரி அந்த மூணு பேரோட விளையாடும்போதுதான் நான் பேசுவேன். நீங்க அதையும் பாவம்னுட்டீங்க."

அவனுடைய தகப்பனை அடக்கம் செய்தவன் நானே. அந்த வீட்டில் மூன்றாம் நாள் ஜெபம் நடத்தியவனும் நானே. அதன்பின் அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. அவன் என்ன விளையாடுகிறான் என்பதை மட்டும் விசாரித்து வைத்திருந்தேன். பிரியமானவர்களே, அந்தப் பேருந்து புறப்பட்டுப் போனபின் நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

படிக்கட்டில் நான் கற்றது

ஆகவே இம்முறை நான் பூட்டை எடுக்கவில்லை. ஒரு மாலை அந்தப் படிக்கட்டுக்குச் சென்று, "தம்பி, இது என்ன விளையாட்டு என்று எனக்குக் காட்டுங்கள்" என்றேன். முதலில் கைப்பேசிகளை மறைத்தார்கள். நான் அமர்ந்த பிறகு மெல்லக் காட்டினார்கள்.

ஐம்பது பேர் ஒரு விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். வெறுங்கையோடு இறங்கி, கிடைத்த ஆயுதத்தைத் தேடி எடுத்துக்கொள்கிறார்கள். நிற்கத்தக்க பரப்பு நேரம் செல்லச் செல்லச் சுருங்கிக்கொண்டே வருகிறது. பத்து நிமிடத்துக்குள் ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிடும். கடைசியாக மிஞ்சி நிற்கும் குழு வெல்லும். குழு என்பது நான்கு பேர். அந்த நால்வரும் ஒரே ஊராராய் இருக்க வேண்டியதில்லை. நம் படிக்கட்டில் இருந்த பிள்ளைகளோடு ஆடிய ஒருவன் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவரின் மகன். இன்னொருவன் கோவையில் எங்கோ இருப்பவன். அவனை இவர்கள் ஒரு நாளும் நேரில் கண்டதில்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கையில் எங்கள் குழுவில் ஒருவன் சுடப்பட்டு விழுந்தான். உடனே மற்றொருவன் மறைவிடத்தை விட்டு ஓடிவந்து, விழுந்தவன் அருகே மண்டியிட்டான். சில விநாடிகள் அப்படியே இருந்தால் விழுந்தவன் மீண்டும் எழுந்துவிடுவானாம். அந்தச் சில விநாடிகளில் மண்டியிட்டிருப்பவனால் சுடவும் முடியாது, ஓடவும் முடியாது. எதிரிக்கு அவனே எளிய இலக்கு. "அவனை விட்டுவிட்டு ஓடினால் நீ பிழைக்கலாமே?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "பிழைக்கலாம் ஐயா. ஆனா அப்புறம் யாரு என்னைக் குழுவுல சேப்பாங்க?"

பிரசங்கி 4-ஆம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது. ஒருவன் விழுந்தால் அவன் துணைவன் அவனைத் தூக்கிவிடுவான் என்றும், தூக்கிவிடத் துணையில்லாமல் தனியே விழுகிறவன் பரிதாபத்துக்குரியவன் என்றும் ஞானி அங்கே போதிக்கிறார். திருமண ஆராதனைகளில் நாம் வாசிக்கும் பகுதி அது. அதன் பொருளை அன்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை ஆலயப் படிக்கட்டில் எனக்கு விளக்கினான்.

எது அவர்களை இழுக்கிறது?

அதன்பின் பல மாலைகள் அவர்களோடு அமர்ந்து கேட்டேன். அவர்கள் சொன்னவற்றை மூன்று காரியங்களாகத் தொகுத்துக்கொண்டேன்.

முதலாவது, அங்கே அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. விளையாட்டில் ஒவ்வொருவனும் தனக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள்கிறான். குழுவில் அவனுக்கென்று ஒரு வேலை உண்டு. ஒருவன் முன்னே செல்வான், ஒருவன் தொலைவிலிருந்து காவல் செய்வான், ஒருவன் மருந்து சுமப்பான். அவன் ஒரு மாலை வராவிட்டால் மற்ற மூவரும் அவனைத் தேடுகிறார்கள். நம் பிள்ளைகளில் பலருடைய வீட்டு நிலைமையை நீங்கள் அறிவீர்கள். மானாவாரிக் கரிசல் காட்டை நம்பிப் பிழைக்க முடியாமல் தகப்பன் வெளியூரில் இருக்கிறார். தாய் விடியலில் வேனேறித் தீப்பெட்டி வேலைக்குச் சென்று இருட்டிய பிறகு திரும்புகிறாள். அந்த வீட்டில் அன்பு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அன்பைப் பேச நேரந்தான் இல்லை. ஓர் ஆராதனைக்கு அந்தப் பிள்ளை வராமல் போனால் எத்தனை பேர் கவனிக்கிறோம்? விளையாட்டில் அவன் வராததை ஐந்து நிமிடத்தில் கவனித்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, அங்கே தோல்வி முடிவாகிவிடுவதில்லை. பத்து நிமிடத்தில் தோற்றால் பதினோராம் நிமிடத்தில் மறுபடியும் தொடங்கலாம். பழைய தோல்வியை அங்கே யாரும் குத்திக்காட்டுவதில்லை. நம்மிடையே நிலைமை என்ன? பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையை, அவன் திருமண நாளிலும் அதைச் சொல்லி அடையாளம் காட்டுகிறோம். காலைதோறும் புதியவைகளாயிருக்கும் இரக்கங்களைக் குறித்து எரேமியாவின் புலம்பலில் வாசிக்கிற நாம், ஒரு விளையாட்டு கொடுக்கும் மறுவாய்ப்பைக்கூட நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோமா?

மூன்றாவது, அங்கே உழைப்புக்குப் பலன் கண்முன்னே தெரிகிறது. நேற்று முடியாதது இன்று முடிகிறது. ஒரு படி ஏறுகிறான். ஏறியதைத் தோழர்கள் காண்கிறார்கள், மெச்சுகிறார்கள். கைத்திறனை வளர்த்து, அதைக் கண்டு மகிழ்வோர் நடுவில் இருப்பது மனிதனுக்குள் தேவன் வைத்த வாஞ்சை என்றே நான் நினைக்கிறேன்.

இது கைப்பேசி வந்தபின் பிறந்த வாஞ்சையும் அன்று. நம் பாட்டிமார் மதிய வேளைகளில் திண்ணையில் பல்லாங்குழியும் தாயமும் ஆடியது காய்களுக்காக மட்டுமா? காய்களைச் சாக்கிட்டு அவர்கள் தங்கள் துக்கங்களைப் பேசித் தீர்த்தார்கள். வடசென்னையின் தெருக்களில் கேரம் மன்றங்கள் பல தலைமுறைகளாக உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்து வந்திருக்கின்றன. அந்த மண்ணிலிருந்துதான் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகிய காசிமா புறப்பட்டு, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்களைப் பெற்றார். கடல் கடந்த ஜெர்மனியில் கிளாஸ் டாய்பர் என்பவர் பல் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தார். அந்த வேலையின் சலிப்பிலிருந்து இளைப்பாற, வீட்டின் நிலவறையில் அமர்ந்து பலகை விளையாட்டுகளை உருவாக்கினார். அவர் 1995-இல் வெளியிட்ட 'கட்டான்' இன்று உலகெங்கும் குடும்பங்களையும் நண்பர்களையும் ஒரே மேசையைச் சுற்றி அமரச் செய்கிறது. திண்ணையானாலும் தெருவானாலும் நிலவறையானாலும், களைத்த மனிதர் சேர்ந்து இளைப்பாற ஓர் இடத்தைத் தேடியிருக்கிறார்கள்.

வேதமும் விளையாட்டைப் பகையாகப் பார்க்கவில்லை. கர்த்தர் எருசலேமை மீண்டும் கட்டியெழுப்பும் நாளைக் குறித்துத் தீர்க்கதரிசி சகரியா உரைக்கும்போது (8:4-5), இரண்டு அடையாளங்களைக் காட்டுகிறார். முதியவர்கள் கோலூன்றித் தெருக்களில் அமைதியாக அமர்ந்திருப்பார்கள். அதே தெருக்கள் விளையாடுகிற ஆண்பிள்ளைகளாலும் பெண்பிள்ளைகளாலும் நிறைந்திருக்கும். முதியவரும் பிள்ளைகளும் ஒரே தெருவில் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தேவன் ஆசீர்வதித்த நகரத்தில் ஒரு தலைமுறை மற்றொன்றைத் துரத்தவில்லை.

திருச்சபை முன்பும் இடறியிருக்கிறது

விளையாட்டைக் கண்டு திருச்சபை பதறியது இது முதல்முறை அன்று. பதினோராம் நூற்றாண்டில் பேதுரு தமியானி என்னும் கர்தினால், ஓர் ஆயர் சதுரங்கம் ஆடியதைக் கண்டு கடிந்துகொண்டார். அதற்குப் பரிகாரமாக சங்கீதங்கள் முழுவதையும் மூன்று முறை சொல்லவும், பன்னிரண்டு ஏழைகளின் கால்களைக் கழுவவும் கட்டளையிட்டார். அதே சதுரங்கத்தில் 2024 டிசம்பர் 12-ஆம் நாள் நம் சென்னைப் பிள்ளை குகேஷ் பதினெட்டு வயதில் உலக வாகையர் ஆனபோது, நாம் ஆலயத்தில் கைதட்டி மகிழ்ந்தோம்.

இன்னும் அருகில் நடந்த ஒன்று நமக்கு அதிகம் போதிக்கிறது. 1974-இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டிச் சேர்ந்து ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டம் அது. 1979-இல் மிச்சிகனில், வயதுக்கு மீறிய அறிவால் பதினாறு வயதிலேயே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை ஒருவன் காணாமற் போனான். அந்த விளையாட்டே காரணம் என்று செய்தித்தாள்கள் எழுதின. அதன்பின் வந்த ஆண்டுகளில் பல சபைகள் அதைப் பிசாசின் விளையாட்டு என்று கண்டித்தன. அதற்கு எதிராகக் கைப்பிரதிகள் அச்சிடப்பட்டன. அந்தப் பிள்ளை உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டான். ஆனால் அடுத்த ஆண்டே தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். அவனைத் தேடிக் கண்டுபிடித்த துப்பறிவாளர் பின்னர் எழுதிய நூலில், மனச்சோர்வும் தனிமையும் படிப்பின் நெருக்கமுமே அவனை வாட்டியதாக விளக்கினார். விளையாட்டின் மேல் எல்லாருடைய கண்ணும் இருந்தது. பிள்ளையின் மேல் இருந்தவர்கள் எத்தனை பேர்?

இதை வாசித்தபோது திருப்பூருக்குப் பேருந்து ஏறிய பிள்ளையை நினைத்தேன். நானும் அந்தக் கைப்பிரதிக்காரர்களில் ஒருவனாகவே இருந்தேன்.

ஆனாலும் கண்ணை மூடிக்கொள்ளலாகாது

விளையாட்டில் தீங்கே இல்லை என்று நான் சொல்ல வருவதாக யாரும் எண்ண வேண்டாம். தீங்கு உண்டு, அதை இன்னதென்று பிரித்தறிய வேண்டும்.

பணம் வைத்து ஆடுவது விளையாட்டு அன்று, அது சூதாட்டம். இணைய ரம்மியில் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் நம் தமிழ்நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். 2022-இல் நம் சட்டமன்றம் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. அதே சட்டம், பணயம் இல்லாத மின்விளையாட்டுப் போட்டிகளை வளர்க்கவும் இடம் கொடுத்தது. சட்டம் பிரித்துப் பார்க்கும் இரண்டை நாம் ஒன்றாகக் குழப்பிப் பேசினால், பிள்ளைகள் நம் சொல்லை நம்பமாட்டார்கள். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன்: இந்த ஊழியத்தில் சூதாட்டக் கடனோடு என்னிடம் வந்து அழுதவர்கள் பிள்ளைகள் அல்லர், குடும்பத் தலைவர்கள்.

இலவசம் என்று சொல்லப்படும் விளையாட்டிலும் கண்ணி உண்டு. புதிய உடை, புதிய ஆயுத அலங்காரம் என்று ஆசைகாட்டி, 'டைமண்ட்' வாங்கும்படி பிள்ளைகளைத் தூண்டுகிறார்கள். இன்று வராவிட்டால் இன்றைய பரிசு போய்விடும் என்று நாள்தோறும் இழுக்கிறார்கள். தாயின் கைப்பேசியில் அவளுக்குத் தெரியாமல் பணம் அனுப்பிய பிள்ளைகள் உண்டு. துப்பாக்கிச் சத்தமும் கொலை எண்ணிக்கையும் வேடிக்கையாகிவிடுவதும், குரல்வழிப் பேச்சில் அருவருப்பான சொற்கள், சிறப்பாகப் பெண்களை இழிக்கும் சொற்கள், பழகிப்போவதும் ஆத்துமாவுக்கு நல்லவை அல்ல.

சிலருக்கு இது நோயாகவும் மாறுகிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, உணவு, உறக்கம், படிப்பு, வேலை அனைத்துக்கும் மேலாக விளையாட்டு நிற்பது, கேடு வருவது தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஓராண்டு நீடித்தால் அதை நோயென்று கருதுகிறார்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஆடி எழுந்து வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சூட்டக்கூடாது. நோயுற்ற பிள்ளையையோ அடித்துத் திருத்த முடியாது. மருத்துவ உதவி வேண்டும். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அன்று.

எல்லாவற்றுக்கும் எனக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லிக்கொண்ட கொரிந்தியருக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதும்போது, தாம் எதற்கும் அடிமைப்படப்போவதில்லை என்கிறார் (1 கொரிந்தியர் 6:12). பிள்ளைகளே, இதை வாசிப்பீர்களானால் உங்களிடம் கேட்கிறேன். நீ விளையாடுவது பாவமா என்று என்னைக் கேட்பதற்கு முன், இன்று விளையாடாமல் இருக்க உன்னால் முடியுமா என்று உன்னையே கேட்டுப் பார். முடியும் என்றால் நீ அதற்கு எஜமான்.

நாம் செய்யத்தக்கது

இனி சபையாராகிய நமக்கு என் விண்ணப்பங்களை வைக்கிறேன்.

பெற்றோரே, கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன் ஒரு மாலை அருகில் அமர்ந்து பாருங்கள். அவன் குழுவில் உள்ள மூவர் யார், எந்த ஊர், என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அருகில் அமர்ந்து பார்த்தவர் இரவு பத்து மணிக்கு "போதும் தம்பி" என்று சொன்னால் பிள்ளை கேட்பான். ஒரு நாளும் பார்க்காதவர் சொன்னால், அது அவன் காதில் விழாது.

சபைச் சங்கத்தாரே, ஆலயத்தை அடுத்த ஓய்வுநாள் பள்ளி அறையை வாரத்தில் மூன்று மாலைகள் திறந்து வைப்போம். இரண்டு கேரம் பலகைகளும் நான்கு சதுரங்கப் பலகைகளும் வாங்குவதற்கு அசனத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதி போதும். முதியவர்களும் வரட்டும், தாயமும் ஆடுபுலி ஆட்டமும் தெரிந்த கடைசித் தலைமுறை நீங்கள்தான். இதைத் தூண்டிலாக வைத்து, ஆடி முடித்ததும் பிடித்துவைத்துப் பிரசங்கிக்க வேண்டாம். பிள்ளைகள் அதை உடனே கண்டுகொள்வார்கள்.

ஆலயப் பொறுப்புகளிலும் அவர்களுக்கு இடம் கொடுப்போம். ஒலிபெருக்கியையும் கணக்கையும் அசனப் பந்தியையும் நாற்பது வயது தாண்டியவர்களே வைத்துக்கொண்டு, வாலிபர்கள் சபைக்கு வருவதில்லை என்று வருந்துகிறோம். விளையாட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை நால்வரை நடத்துகிறான். நம்மிடமோ ஜமுக்காளம் விரிக்க மட்டுமே அவனைக் கூப்பிடுகிறோம்.

ஆலயம் ஜெபவீடு அல்லவா, அங்கே விளையாட்டு தகுமா என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. நம் ஆண்டவர் தேவாலயத்திலிருந்து வியாபாரிகளைத் துரத்திய அதே அதிகாரத்தில் (மத்தேயு 21), அங்கே ஆரவாரித்த பிள்ளைகளைக் கண்டு பிரதான ஆசாரியர் கோபமடைந்தார்கள் என்றும், ஆண்டவர் பிள்ளைகளின் பக்கம் நின்று பேசினார் என்றும் வாசிக்கிறோம். காசுக்காரரை அவர் வெளியே அனுப்பினார். பிள்ளைகளை உள்ளே இருக்கவிட்டார். நாம் இதைத் தலைகீழாக்கிவிடக்கூடாது.

நம் ஊரின் பெயரிலேயே குருவி இருக்கிறது. 84-ஆம் சங்கீதத்தில், அடைக்கலான் குருவிக்குக் கர்த்தருடைய பலிபீடத்தண்டையில் ஒரு வீடு கிடைத்ததைச் சங்கீதக்காரன் ஏக்கத்தோடு பாடுகிறான். அந்தக் குருவி ஆராதிக்க வந்ததாக அவன் சொல்லவில்லை. கூடு கட்ட இடம் தேடி வந்தது, இடம் கிடைத்தது. நம் படிக்கட்டுக்கு வருகிற பிள்ளைகள் சிக்னல் தேடி வந்தார்கள். எதைத் தேடி வந்தாலும், அவர்கள் வந்து சேர்ந்த இடம் கர்த்தருடைய சந்நிதி. வெளிக்கதவு வழக்கம்போல ஒன்பது மணி வரை திறந்திருக்கும். அந்தப் பெரியவரிடம் நான் பேசினேன். தாம் இளவயதில் கோவில்பட்டியில் கேரம் ஆடியவர் என்று சொன்னார். பலகை வந்தால் ஒரு நாள் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

திருப்பூரில் இருக்கும் பிள்ளை கிறிஸ்துமஸ் நாளில் எனக்கு ஒரு வாழ்த்து அனுப்புகிறான். ஆலயத்துக்குப் போகிறாயா என்று நான் இன்னும் கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அவனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபம்

எங்கள் பரம பிதாவே, பிள்ளைகளைத் தேடாமல் அவர்களுடைய குற்றங்களைத் தேடின நாட்களுக்காக எங்களை மன்னியும். தனித்திருக்கும் பிள்ளைக்குத் துணையையும், அடிமைப்பட்ட பிள்ளைக்கு விடுதலையையும், கடன்பட்ட வீட்டுக்கு வழியையும் தாரும். எங்கள் நடுவில் ஒருவன் விழும்போது, எங்கள் பாதுகாப்பை விட்டு எழுந்து அவனருகே மண்டியிடும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். விழுந்த எங்களுக்காகத் தம்மையே இலக்காக்கி இறங்கி வந்த எங்கள் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்
குருவிகுளம்